செல் மருந்து அடிக்க ஆள் வந்தால் துளைகளை எண்ணுங்கள்

மதுரை திருநகர் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு ஒன்றுக்குச் செல் (கரையான்) மருந்து அடித்து, பத்து வருஷ கேரண்டி என்று சீட்டும் எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். அடுத்த ஐப்பசி மழைக்கே கதவு நிலையில் மண்கோடு ஏறிவிட்டது. வந்தவர்கள் கொண்டுவந்ததே முதுகில் மாட்டுகிற 16 லிட்டர் டேங்க் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையும் சுவரும் சேருமிடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. அகலம், துளைக்கு ஒரு லிட்டர் கலவை. ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் அளவு இது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குச் சுற்றளவு 44 அடி. வாசலைக் கழித்தாலும் அந்த ஒரு அறைக்கே 40 லிட்டர் இறங்கணும். முழு வீட்டுக்கும் 16 லிட்டர் என்பது பச்சை ஏமாற்று.

இன்னொரு கொடுமை: வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்த துளையைக் கம்பியால் குத்தினால் ஒரு அங்குலத்தில் தட்டி நின்றது. டைல்ஸைத் தாண்டவேயில்லை, அடியிலுள்ள கான்கிரீட் அப்படியே இருக்கிறது. மருந்து போகவேண்டியது அதற்கும் கீழே, மண்ணுக்கு. நிலையில் கண்ணில் படுவது இரை தேடி ஏறிவந்த வேலைக்காரச் செல் மட்டும்தான். ராணி மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். மேலே வந்ததைக் கொன்றால் மற்றவை வேறு விரிசலில் ஏறும். காற்றுப்பட்டால் உடம்பு காய்ந்துவிடும் என்பதால்தான் அது மண்குழாய் கட்டி உள்ளேயே நடக்கிறது. பாத்ரூம் சுவரை ஒட்டிய நிலைகளை முதலில் பாருங்கள், ஈரம் அங்கேதான் நிற்கும்.

மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர். இரண்டாவது மூக்கைத் துளைக்கும், முதலாவதில் வாடை தெரியாது. வாடையை வைத்து மருந்தை எடை போடாதீர்கள். டப்பா சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், அளவு ஜாடி இல்லாமல் மூடியில் ஊற்றினால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிலைக்குப் பெயிண்ட் மாதிரி பூசிவிட்டுப் போவதும் வழக்கம். அது போதாது. மரம் சுவரைத் தொடுமிடத்தில் 6 மி.மீ. துளை, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்வு, துளைக்கு அரை லிட்டர் வரை குடிக்கும். வெளிச்சுவர் அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டி ஊற்றாமல் உள்ளே மட்டும் செய்தால் வழி திறந்தே கிடக்கும்.

பில்லில் மருந்தின் பெயர், சதவீதம், மொத்த லிட்டர், துளை எண்ணிக்கை எழுதி வாங்குங்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். சம்ப், போர், கிணறு இருக்குமிடத்தை முதலிலேயே காட்டிவிடுங்கள், அந்தப் பக்கம் துளை போடவே விடாதீர்கள்.