காப்பர் டி எடுக்கப் போன இடத்தில்: ஈரோட்டு மகளிர் மருத்துவமனை அனுபவம்

மகளுக்கு நான்கு வயது நிறைந்ததும், அவள் பிறந்தபோது அரசு மருத்துவமனையில் பொருத்திய காப்பர் டி கருத்தடைச் சாதனத்தை எடுத்துவிட்டு அடுத்த குழந்தைக்குத் தயாராகலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்தோம். அதற்காக ஈரோடு பெருந்துறை சாலையை ஒட்டிய சிறிய மகளிர் மருத்துவமனை ஒன்றுக்கு இருமுறை சென்று வந்தேன். குறைகளையும் எழுதுவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த காரணத்தை டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன், அவரோ கூடம் முழுவதும் கேட்கும்படி, "காப்பர் டி எடுக்கறதுங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அத்தைக்குச் செய்தி போய்விட்டது. "ஏன் அம்மிணி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும், அதை நானாகச் சொல்லும் வாய்ப்பு பறிபோனது எனக்கு வருத்தமே.

மருத்துவர் அறைக்குள் நிலைமை வேறு. போன அன்றே எடுத்துவிடுவார் என்று நினைத்திருந்த என்னை அவர் ஏறத்தாழ நாற்பது நிமிடம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். தாய்மாமன் மகனையே மணந்திருக்கிறேன் என்றதும், ஒரு தாளில் இரு தலைமுறைக்கு வம்சக் கோடு வரைந்து, இறந்து பிறந்த குழந்தைகள், இரத்தக் குறைபாடு உள்ளவர்கள் யாரேனும் உண்டா என்று ஒவ்வொரு பெயராக விசாரித்து, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு உள்ளிட்டவற்றுக்கான பரிசோதனைகளை எங்கள் இருவருக்குமே எழுதினார். ஹீமோகுளோபின் 10.2 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது.

கர்ப்பத்தில் வந்தால் குழந்தையைப் பாதிக்கும் ரூபெல்லா அம்மைக்கு எனக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால், ஊசியைப் போட்டுவிட்டு, அதுவரை காப்பர் டி உள்ளேயே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே எடுத்திருக்கலாம். வரிசை அறிந்து அவர் நடந்துகொண்டதில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

குழந்தையின் நரம்புக்குழாய் சரியாக மூடுவதற்கு உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையையும் அன்றே தொடங்கச் சொன்னார். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்து மருத்துவரைப் பார்ப்பதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும். எனவே கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தினமும் 0.4 மில்லிகிராம் தொடங்கிவிட வேண்டும். மருந்துக்கடையில் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்து நீட்டினார்கள். சீட்டைக் காட்டி மாற்றி வாங்க வேண்டியிருந்தது.

கணவர் திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லர் பக்கம் வேலை செய்பவர். ஆண்கள் உட்கார நாற்காலி இல்லாமல் வெளியே வேப்பமரத்தடியில் பைக்கின்மேல் சாய்ந்திருந்தவரை மருத்துவர் உள்ளே அழைத்து, விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்றும், அதிக வெப்பமும் புகையும் அதைப் பாதிக்கும் என்றும், இன்று பீடியை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும் என்றும் விளக்கினார். "சரிங்க" என்பதற்கு மேல் இவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பீடிக்கட்டு அன்றிலிருந்து வீட்டில் இல்லை.

இரண்டாம் முறை, ஒருமுறை இருமச் சொல்லி, மூச்சை விடுவதற்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னது சரியா என்று மருத்துவரிடம் கேட்டேன். அடுத்த சுழற்சியிலேயே முயலலாம் என்றார். அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் வரை ஆகக்கூடுமாம். எனக்கு வயது 31 என்பதால் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு வந்தால் போதும். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே வந்துவிட வேண்டும் என்றார்.

ஆலோசனைக்கு 400 ரூபாய், எடுப்பதற்கு 800 ரூபாய் வாங்கினார்கள். பரிசோதனைக் கூடத்தில் பேக்கேஜ் என்று நீட்டுவதை வாங்காமல், மருத்துவர் எழுதியதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை நெரிசலைக் கடந்து நான் போய்ச் சேரவே பத்தரை ஆகி, காத்திருந்து உள்ளே போகும்போது மணி ஒன்று. டோக்கன் மேசையில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர்கள், என்னைப் போல இரண்டாம் முறை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பெண் அதையும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார், மடித்துப் பிடித்துக்கொண்டேன்.