ஃபிளாஷுக்கு அல்கலைனா, ரீசார்ஜபிளா?

கோத்தகிரியில் தை மாதக் கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். தாலி கட்டும்போது ஒரு படம் எடுத்தேன். அடுத்ததற்கு ஃபிளாஷின் ரெடி விளக்கு எரியவே இல்லை. கெட்டிமேளம் அடங்கிய பிறகுதான் எரிந்தது.

உள்ளே இருந்தவை அல்கலைன் செல்கள். 1.5 வோல்ட் என்றாலும் உள்தடை, அதாவது செல்லே தன்னுள் மின்சாரத்தைத் தடுப்பது, அதிகம்; குளிரில் இன்னும் கூடும். ஃபிளாஷ் அடிக்க மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி நிரம்ப நேரமாகும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தான், ஆனால் மின்சாரத்தை மளமளவென்று கொடுக்கும். என் ஓட்டு இதற்கே. மாற்றுச் செட் ஜெர்கின் உள்பாக்கெட்டில் கதகதப்பாக இருக்கட்டும்.

அல்கலைன்? பெட்டிக்கடையிலும் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1600-க்கு ஏற்றினால் ஃபிளாஷுக்குக் கால் பங்கு வெளிச்சமே போதும். எந்த செல்லானாலும் சீக்கிரம் தயாராகிவிடும்.