நாட்டுக்கோழி முட்டைக்குச் சந்தா கட்டாதீர்கள்: 5,400 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு 'பண்ணை முட்டை' ஆளிடம் மூன்று மாதச் சந்தாவாக 5,400 ரூபாய் கட்டினேன். வாரம் 30 முட்டை, ஒன்று 15 ரூபாய். கூண்டில் அடைக்காத நாட்டுக்கோழி, புல்லும் பூச்சியும் மேய்வது என்று பேச்சு.

நம்ப வைத்த விதம் இருக்கிறதே! "ஒரு தட்டு கொடுங்கக்கா" என்று வாங்கி, வாசலிலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினான். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் குமிழாக நின்றது. எட்டிப் பார்த்த மாமியார், "எங்க ஊர் முட்டையேதான்" என்றார். உடனே ஜிபே.

முதல் வாரம் சரி. அப்புறம் வந்த அட்டையில் முப்பதும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. நாட்டு முட்டை 40 கிராம் வாக்கில்தான் இருக்கும், இதில் எடை போட்டதெல்லாம் 55-க்கு மேல். அவித்தால் தண்ணீர் பழுப்பாகிறது, ஓட்டில் திட்டுத் திட்டாக வெள்ளை. டீ டிகாஷனில் முக்கிய சாதா முட்டை!

கேட்டால், "வெயில் காலம்க்கா, தீனி மாறும்." படம் அனுப்பினால், "பேக்கிங் பசங்க மாத்தி வெச்சுட்டாங்க, அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்." அடுத்த வாரம் முட்டையே வரவில்லை. பண்ணையைப் பார்க்க வருகிறேன் என்றேன். "வெளியாள் வந்தா கோழிக்கு நோய் தொத்திக்கும்க்கா." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "சந்தாவுக்கு ரீஃபண்ட் இல்லன்னு அப்பவே சொன்னேனே." சொல்லவே இல்லை! இப்போது ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. 5,400 ரூபாய்ங்க.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கருவின் நிறத்தை நம்பாதீர்கள். தீவனத்தில் மக்காச்சோளமும் செண்டுமல்லிச் சாறும் சேர்த்தால் கூண்டுக்கோழிக்கும் அதே ஆரஞ்சு வரும். ஓட்டின் நிறம் கோழி இனத்தால் வருவது, மேய்ச்சலால் இல்லை. ஈரத்துணியால் ஓட்டைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். எத்தனை வேண்டுமானாலும் வாரம் தவறாமல் தருகிறேன் என்பவனிடம் மொத்தம் எத்தனை கோழி என்று கேளுங்கள். முன்பணம் வேண்டவே வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக்குக் கூப்பிடப் போகிறேன். ரசீது கேட்டால் காட்ட ஜிபே ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கிறது.