பிளக்இன் எழுதுபவர்களுக்கான டேட்டா கருவி: ஒன்றரை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்இன்களை எழுதி அதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வேதனை உண்டு. நம் பிளக்இன் எத்தனை தளங்களில் ஓடுகிறது என்று நமக்கே சரியாகத் தெரியாது. பிளக்இன்களைப் பட்டியலிடும் வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ டைரக்டரி 4,000+ என்று காட்டும், அது 4,010 ஆகவும் இருக்கலாம், 4,990 ஆகவும் இருக்கலாம், 5,000ஐத் தொட்டால்தான் அந்த எண் அசையும். 10,000 தாண்டிவிட்டால் அடுத்த படி 20,000. முன்பு வளர்ச்சி சதவீதத்தைக் காட்டும் ஒரு கிராஃப் இருந்தது, அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பலரும் உண்மை எண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுவார்கள். 2022 செப்டம்பர் கடைசியில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணை மதிப்பிட்டுத் தருகிறோம் என்று வந்த கருவிகளில் ஒன்றை, சோதனைப் பதிப்பு வெளியான முதல் வாரத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். இரண்டு பேர் நடத்துகிறார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

அது எடுப்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல்தான். தினசரி டவுன்லோட், ரேட்டிங், சப்போர்ட் கேள்விகளில் எத்தனை தீர்ந்தன, எந்தப் பதிப்பை எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள், ஒரு சொல்லைத் தேடினால் நம் பிளக்இன் எத்தனாவது இடத்தில் வருகிறது, இவ்வளவுதான். இதை நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எடுக்கலாம். நானும் எழுதினேன், மூன்று மாதம் ஓடியது, அப்புறம் அதைப் பராமரிக்க நேரம் கிடைக்கவில்லை. டவுன்லோடைத் தவிர மற்றவற்றின் நேற்றைய நிலையை இன்று போய்க் கேட்டால் டைரக்டரி சொல்லாது, விடாமல் தினமும் சேமித்து வைத்தவரிடம்தான் அது இருக்கும். காசு கொடுப்பது அந்தச் சேமிப்புக்குத்தான்.

ஆரம்பத்தில் என்னை மிகவும் கஷ்டப்படுத்தியது நிறுவல் மதிப்பீடு. டாஷ்போர்டின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண், 4,312 என்பதுபோல, கடைசி இலக்கம் வரை. ஒரு திங்கட்கிழமை காலை அது நானூறு குறைந்திருந்தது. முந்தைய வெள்ளிக்கிழமைதான் புதிய பதிப்பு விட்டிருந்தேன், அதில் ஏதோ உடைந்து ஆட்கள் நீக்குகிறார்கள் என்றே நினைத்தேன். நாள் முழுக்கப் பழைய பதிப்பையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டேன், சப்போர்ட்டில் ஒரு புகார்கூட இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் மதிப்பிடும் சூத்திரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

அந்தச் சூத்திரம் டவுன்லோடை நம்பியிருந்தது. டவுன்லோடில் புதிதாக நிறுவுபவரும் அப்டேட் செய்பவரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து பிளக்இன்களைத் தானாக அப்டேட் ஆகும்படி வேர்ட்பிரஸ் டாஷ்போர்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு வரித் திருத்தத்துக்குப் புதுப் பதிப்பு விட்டால்கூட அன்று கிராஃப் மலைபோல எழும். வளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். அந்தச் சமயத்தில் அவர்கள் பயனர்களிடம் கருத்து வாங்கிய விதம் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம், "இந்த வசதி உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, ஒன்று முதல் ஐந்து வரை" என்ற வகை. ஏழாவது கேள்விக்கு மேல் நான் யோசிக்காமல் நான்கு நான்கு என்று அழுத்தினேன், மற்றவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். என் கடிதத்துக்குப் பிறகு இருவரில் ஒருவர் நேரடியாக அழைத்துப் பேசினார். கேட்டது ஒரே கேள்வி: "போன வாரம் எங்கள் கருவியில் ஒரு எண்ணைப் பார்த்து நீங்கள் என்ன செய்தீர்கள்?" எனக்கு உடனே பதில் வந்தது, அந்தத் திங்கட்கிழமைக் கதையை அப்படியே சொன்னேன். பிளக்இன் எழுதுபவர்களும் தங்கள் பயனர்களிடம் இதே கேள்வியைக் கேட்கலாம், நான் இப்போது அதைத்தான் கேட்கிறேன். எந்த வசதி வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் எல்லாமும் வேண்டும் என்பார்கள்.

ஆறு வாரத்தில் அந்த ஒற்றை எண் போய் "4,000 முதல் 4,600 வரை" என்று வீச்சாக வந்தது, புதுப் பதிப்பு விட்ட நாட்கள் கிராஃபில் தனி நிறத்தில் தெரிந்தன, சூத்திரம் மாறினால் முன்கூட்டியே மின்னஞ்சல் வந்தது. பார்க்க முன்பைவிடக் கவர்ச்சி குறைவு. ஆனால் நான் அதை நம்ப ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

உண்மையில் எனக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தது எண்களே இல்லை. பக்கத்துப் பிளக்இன்களின் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை ஒரே இடத்தில் தேதிவாரியாகத் தொகுத்துக் காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. என்னுடையது படிவத் தரவை, விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யும் பிளக்இன். போட்டிப் பிளக்இன்கள் மூன்றிலும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்திருந்தது: ஏற்றுமதி செய்த கோப்பை விரிதாளில் திறந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிடுகின்றன, 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று தெரிவதில்லை. தேதி வடிவத்தைப் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதியைக் கட்டணப் பதிப்பில் சேர்த்தேன். இன்றுவரை வாங்குபவர்கள் அதிகம் குறிப்பிடுவது அதைத்தான்.

தேடல் இடம் காட்டும் பகுதியும் நன்று. டைரக்டரியின் தேடல் சொற்பொருத்தத்தோடு, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது, தீர்ந்த சப்போர்ட் கேள்விகளின் விகிதம் போன்றவற்றையும் பார்க்கிறது. வேர்ட்பிரஸின் கடைசி மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்காமல் விட்டால் பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை வந்துவிடும். பதில் சொல்லியும் "தீர்ந்தது" என்று குறிக்காமல் விட்ட பழைய கேள்விகள் என்னிடம் ஏராளம் இருந்ததைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கருவிதான்.

குறை என்றால், ஒருமுறை ஒன்பது நாள் தரவு சேரவே இல்லை. அதைச் சொல்லாமல் இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்திருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. இல்லாத தரவை இருப்பதுபோல வரைந்தால் மற்ற நாட்களையும் எப்படி நம்புவது? சொன்ன பிறகு அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது, கீழே காரணமும் எழுதியிருக்கிறார்கள். வாராந்திர மின்னஞ்சல் இன்னும் அநியாயத்துக்கு நீளம்.

இலவசப் பதிப்பிலிருந்து எத்தனை பேர் கட்டணத்துக்கு மாறுகிறார்கள் என்பதை வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். நூறு நிறுவல்கூட ஆகாத ஒரே ஒரு பிளக்இன் வைத்திருப்பவர்களுக்கும் இப்போதைக்குத் தேவையில்லை, சப்போர்ட் கேள்விகளை நேரில் படித்தாலே போதும். நான் அடுத்த மாதம் சந்தாவைப் புதுப்பிக்கிறேன். என் தரவு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி கேட்டிருக்கிறேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.