சாய்ந்த முன் சைட்டும் என் ஏர் ரைபிளும்: நாலு வருட அனுபவம்

2021 கடைசியில் வாங்கிய ஏர் ரைபிள் இது. உள்நாட்டுத் தயாரிப்பு, 4.5 மி.மீ. பெல்லட் (சின்னக் குண்டு), ஸ்பிரிங் வகை. பக்கவாட்டு லீவரை இழுத்து ஏற்ற வேண்டும், பேரல் அசையாது. குறிபார்க்க இரண்டு சைட்: பின்னால் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட், முன்னால் குழாய் போன்ற சைட். குழாய்க்குள் வளையமோ குச்சியோ மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வேளச்சேரி வீட்டிலிருந்து எழும்பூர்ப் பக்கம் இருக்கும் ரேஞ்சுக்கு வாரம் இரண்டு நாள் போவேன். ரைபிளின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ட்ரிகர் நன்றாக இருக்கிறது, தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை கொஞ்சம் கனம், ஸ்பிரிங் இன்னும் தளரவில்லை. நான் விரிவாகச் சொல்ல நினைப்பது முன் சைட்டைப் பற்றித்தான்.

முதல் நாளே பெல்லட் இடப்பக்கம் போனது. சும்மா இல்லை, 10 மீட்டரில் 35 மி.மீ. தள்ளி. 10 மீட்டர் டார்கெட்டின் மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான். நடுவிலிருந்து ஓரம் வரை 22.75. அப்படியென்றால் என் பெல்லட் எல்லாம் வளையங்களுக்கே வெளியே, வெறும் காகிதத்தில் விழுந்தது. ஆனால் விழுந்த பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. கடைக்காரரிடம் கேட்டேன். "பின் சைட்டை வலப்பக்கம் திருப்புங்க சார், சரியாயிடும்" என்றார். திருப்பினேன், சரியாகவும் ஆனது. ஒரு வருடம் அப்படியே சுட்டேன்.

அது எவ்வளவு பெரிய தவறு என்று புதிய பெல்லட் டப்பா வாங்கிய அன்றுதான் தெரிந்தது. வேறு பேட்ச் பெல்லட் என்றால் அடி சில மி.மீ. நகர்வது சகஜம். இந்த முறை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது. பின் சைட்டை மேலும் வலப்பக்கம் திருப்பப் போனால் திருகு முட்டி நின்றுவிட்டது. திருகைத் திருப்பும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். இருந்த கிளிக் எல்லாவற்றையும் முன் சைட்டின் கோளாறை மறைக்கவே செலவழித்திருக்கிறேன்.

பின் சைட்டில் கிளிக் இருப்பதே அன்றன்றைக்கு வரும் சின்ன மாற்றத்துக்காகத்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது எல்லோருக்கும் தெரியும். அந்த இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் அவருக்கு வெறும் 4 புள்ளிதான் விழுந்தது. சைட் இடம் மாறியிருந்ததைக் கண்டு, இருந்த சில நிமிடங்களில் சரிசெய்துகொண்டு, கடைசிக் குண்டில் 10.8 எடுத்தார். பின் சைட்டில் திருப்ப இடம் இருந்தால்தான் அப்படி ஒரு நிலைமையைச் சமாளிக்க முடியும். என்னுடையதில் அந்த இடம் இல்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது என் மகள். அவள் அப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். வளையத்தை எடுத்துவிட்டுக் குச்சியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்பா, குச்சி வலது பக்கம் சாஞ்சிருக்கே" என்றாள். வளையம் எப்படிச் சாய்ந்தாலும் வளையமாகவே தெரியும், அதனால் ஒரு வருடமாக எனக்குத் தெரியவில்லை. இன்னொரு விஷயமும் அப்போது புரிந்தது. சாய்ந்த குச்சியை நேராக்க, அவள் தன்னை அறியாமல் ரைபிளையே இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள். சாய்த்த அளவுக்கு அடியும் ஒன்றிரண்டு வளையம் நழுவியது. குழந்தையின் பிடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவள் மேல் தவறே இல்லை.

சைட்டைத் தொடுவதற்கு முன் மற்ற காரணங்களைக் கழித்துவிட வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் கட்டையின் திருகுகள் அதிர்வில் தளரும், முதலில் அதைப் பாருங்கள். அடி சிதறினால் பிடி, பெல்லட், தளர்ந்த திருகு என்று தேட வேண்டும். நெருக்கமாக விழுந்து, மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப்போனால் சைட்டைச் சந்தேகிக்கலாம்.

அப்புறம் கணக்கு. பெல்லட் போன திசையிலேயே முன் சைட்டைத் தள்ள வேண்டும், பின் சைட்டுக்கு நேர் எதிர். எவ்வளவு தள்ளுவது? விலகலை இரண்டு சைட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கி, டார்கெட் தூரத்தால் வகுக்க வேண்டும். என் ரைபிளில் சைட்டுக்கு நடுவே 700 மி.மீ. 35 x 700 / 10,000 போட்டால் 2.45 மி.மீ. வருகிறது. குச்சியின் முனை பேரலின் மையத்திலிருந்து 30 மி.மீ. உயரத்தில் இருப்பதால், ஐந்து டிகிரிக்கும் குறைவான சாய்வு. வெறும் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

முன் சைட் உட்காரும் பிளாக், பேரலைச் சுற்றி ஒரு வளையம் போலப் பொருந்தி, அடியில் இரண்டு சின்ன அலன் திருகுகளால் இறுகியிருந்தது. தளர்த்தி, திருப்பி, இறுக்கினேன். அடுத்த ஞாயிறு ரேஞ்சில் பார்த்தால் மறுபடி பழைய இடம். இரண்டு முறை இப்படி ஆனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருகைக் கழற்றிப் பார்த்தவர் உடனே சொன்னார்: "பேரல்ல ஏற்கெனவே குழி இருக்கு தம்பி. திருகு கூர்முனை. நீ எங்க திருப்பினாலும் இறுக்கும்போது அந்தக் குழிக்கே இழுத்துக்கிட்டுப் போகும்." குழியே தப்பான இடத்தில் போட்டிருந்தார்கள்.

புதுக் குழி போடச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேரலில் துளைபோடும் கருவியே படக்கூடாது என்றார், அது சரியான பேச்சு. அதற்குப் பதிலாகத் தட்டை முனைத் திருகு இரண்டு, அடியில் வைக்க மெல்லிய பித்தளைத் துண்டு இரண்டு வெட்டிக் கொடுத்தார். குழியின் மேல் பித்தளை பாலம் போல உட்காரும், திருகு வழுக்காது. 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பொருத்தியது இப்படி. ரைபிளில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏறவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, துணி சுற்றி வைஸில் மெதுவாகப் பிடித்தேன். பின் சைட் உட்காரும் தண்டவாளத்தின் மேல் சின்ன ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை சரிசெய்தேன். எதிர் வாசற்படியில் கொத்தனாரின் தூக்குக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, பின் சைட்டை நடுக் கிளிக்குக்குக் கொண்டுவந்து, துளை வழியாகப் பார்த்தேன். குச்சி நூலோடு ஒட்டி நிற்கும்வரை பிளாக்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். மகள் கண்ணை வைத்தாள், நான் திருப்பினேன். அதற்கு முன்பே எண்ணெய்ப் பசை போகத் திருகுத் துளைகளை அசிட்டோனால் துடைத்து வைத்திருந்தேன். திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு விட்டு, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு முழு நாள் தொடவில்லை. சிவப்பு லாக்டைட் வேண்டாம், பிறகு கழற்ற நெருப்பு காட்ட வேண்டிவரும். பேரலுக்கு அது ஆகாது.

ரேஞ்சில் பத்து பெல்லட். நடுவிலிருந்து 6 மி.மீ. இடப்பக்கம். சில கிளிக்கில் அது நடுவுக்கு வந்தது, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் மீதி. அன்று மகள் சுட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இது நடந்தது 2023 நடுவில். பிளாக்குக்கும் பேரலுக்கும் குறுக்கே நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டு வைத்தேன். இரண்டும் ஒரு இம்மி விலகினாலும் கோடு உடைந்து காட்டிவிடும். உடையவில்லை. நடுவில் வந்த ஒரே தொல்லை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. தெருவில் தண்ணீர் ஏறியதும் ரைபிளைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டோம். நனையவில்லை, ஆனால் பெட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, பத்து நாளில் இரண்டு திருகின் தலையையும் துருப்பிடிக்க வைத்துவிட்டது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு மாற்றி, மறுபடி நூல் பிடித்து, புதுக் கோடு போட்டேன். சென்னைக் காற்றுக்கு ஸ்பாஞ்ச் பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைக்கவே கூடாது. இப்போது பருத்தி உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கிறேன், பேரலின் மேல் மெல்லிய எண்ணெய்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் செய்தது ஏர் ரைபிளில். உரிமம் வாங்கி வைத்திருக்கும் தோட்டா ரைபிள் என்றால் இந்த வேலையை வீட்டிலோ லேத் பட்டறையிலோ செய்யாதீர்கள், அதற்கென உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

இப்போது குறை என்று பார்த்தால், அடிக்கடி வளையமும் குச்சியும் மாற்றியதில் முன் சைட் குழாயின் மூடி மரை தேய்ந்து லேசாக ஆடுகிறது. வரும் சனிக்கிழமை அம்பத்தூர் அண்ணனிடம் காட்டப் போகிறேன். நெயில் பாலிஷ் கோடு போன ஞாயிறும் முழுசாகத்தான் இருந்தது.