ஒரே கார், இரண்டு டைனோ: 101-க்கும் 122-க்கும் நடுவே

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் காரின் திறனை அளந்து பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போய் வருகிறார்கள். திரும்பி வந்ததும், வெவ்வேறு ஊர்களில் வாங்கிய டைனோ (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம்) தாள்களை அருகருகே வைத்து, யாருடைய வண்டி வலுவானது என்று வாதிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஒப்பீடு எந்த அளவுக்குச் செல்லும் என்பதை அறிய, என்னுடைய நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி பெட்ரோல் மேனுவல் காரைக் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உள்ள இரண்டு நிலையங்களில் அளந்து பார்த்தேன். இரண்டு அளவீடுகளுக்கும் இடையே காரில் எந்த மாற்றமும் செய்யவில்லை. நிலையங்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கு விமர்சிக்கப்படுவது அவை தரும் சேவையும் தாளும்தான்.

இந்த 1.5 லிட்டர் எஞ்சினுக்கு நிறுவனம் சொல்லும் திறன் 6600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) 119 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). முறுக்குவிசை 4600 ஆர்பிஎம்மில் 145 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் என்பதால், காற்றின் அழுத்தமும் சூடும் திறனை நேரடியாகப் பாதிக்கும். கோயம்புத்தூர்த் தாளில் 101 என்றும் பெங்களூர்த் தாளில் 122 என்றும் இருந்தது. தாள்களை மட்டும் பார்ப்பவர், பெங்களூருக்குப் போகும் வழியில் கார் 21 குதிரைத்திறனைச் சம்பாதித்துக்கொண்டது என்றே நினைப்பார்.

கோயம்புத்தூரில் இருப்பது இனெர்ஷியா வகை. எடை அறியப்பட்ட கனமான உருளையைக் காரின் சக்கரங்கள் எவ்வளவு வேகமாக முடுக்குகின்றன என்பதிலிருந்து அந்த இயந்திரம் திறனைக் கணக்கிடுகிறது. 101 என்பது சக்கரத்தில் கிடைத்த ஹார்ஸ்பவர், எஸ்ஏஇ திருத்தத்துடன் (அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஈடுசெய்யும் கணக்கு). அந்தத் தாளிலேயே திருத்தத்துக்கு முந்தைய அளவும் (94.5), அறையின் வெப்பமும் காற்றழுத்தமும், பெருக்கிய காரணி 1.07 என்பதும் அச்சாகியிருந்தன. கேட்காமலேயே மூலக் கோப்பையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். எந்த கியரில் ஓட்டினார்கள், டயர் காற்று எவ்வளவு, வரைகோட்டுக்கு எந்த அளவு ஸ்மூத்திங் வைத்தார்கள் என்பதையும் கையால் எழுதித் தந்தார்கள். இந்த ஸ்மூத்திங் சிறிய விஷயம் அன்று. டைனோஜெட் என்ற டைனோ நிறுவனத்தின் மென்பொருளில் அதை 0 முதல் 5 வரை வைக்கலாம். 5-இல் கோடு பட்டுப்போல் வழுவழுப்பாகத் தெரியும், 0-இல் எஞ்சின் இடறுவதும் துள்ளுவதும் வெளிப்படும்.

குறையும் உண்டு. அங்கிருந்த மின்விசிறி அந்த வேலைக்குப் போதாது. அடுத்தடுத்து ஓட்டியபோது உள்ளிழுக்கும் காற்று சூடேறி, அளவு படிப்படியாக இறங்கியது. இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லிக் கேட்டபோது மறுக்கவில்லை என்றாலும், அதை அவர்களே செய்திருக்க வேண்டும்.

பெங்களூர் நிலையம் பார்வைக்கு எல்லா வகையிலும் மேலானது: பெரிய விசிறி, சுத்தமான தளம், கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து பார்க்க நாற்காலி. இயந்திரமும் எடி கரண்ட் வகை. மின்காந்தப் பிரேக்கால் உருளைக்குச் சுமை கொடுத்து, அந்த விசையை லோட் செல் என்ற உணரி வழியாக அளக்கும் முறை அது. ஒரே ஆர்பிஎம்மில் எஞ்சினைச் சுமையோடு நிறுத்திவைத்துப் பார்க்க இதில் முடியும் என்பதால், ட்யூனிங் வேலைக்கு இனெர்ஷியா வகையைவிட இது பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கையில் கொடுத்தது ஒரு வண்ணப்படம் மட்டுமே. 122 பிஎஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எங்கே அளந்தது, எதனால் பெருக்கியது என்ற விவரம் ஏதும் இல்லை. ஐந்தொகை பார்த்து வளர்ந்த செட்டிநாட்டில், வரவும் பற்றும் எழுதாமல் மீதியை மட்டும் காட்டும் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

வலியுறுத்திக் கேட்டபிறகு விவரங்கள் வந்தன. சக்கரத்தில் உண்மையில் அளந்தது 86 ஹார்ஸ்பவர். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், மெல்லிய காற்றை ஈடுசெய்ய எஸ்ஏஇ காரணி 1.12 ஆக வந்திருக்கிறது, அதனால் 96. இதுவரை நேர்மையான கணக்குதான். எஸ்ஏஇ ஜே1349 முறை எல்லா அளவுகளையும் 25 டிகிரி வெப்பமும் 990 மில்லிபார் உலர் காற்றழுத்தமும் உள்ள ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறது. கோயம்புத்தூரில் காரணி 1.07 ஆக இருந்ததற்கு அந்த ஊரின் 400 மீட்டர் அளவிலான உயரமும் அன்றைய வெப்பமும் காரணம். அடுத்து அந்த 96-ஐப் பிஎஸ்ஸாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு ஹார்ஸ்பவர் 745.7 வாட், ஒரு பிஎஸ் 735.5 வாட் என்பதால் எண் 98-ஐ நெருங்கிவிடுகிறது. கடைசியாக, கியர்பாக்ஸிலும் டயரிலும் 20 சதவீதம் இழப்பு என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு, 0.8 ஆல் வகுத்து 122 ஆக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முன்சக்கர இயக்கமுள்ள மேனுவல் காருக்கு 20 சதவீதம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் பதில் இல்லை. 15 என்று வைத்திருந்தால் அதே அளவீடு 115 பிஎஸ் ஆகியிருக்கும். மேலும், இழப்பு என்பது திறனோடு அதே விகிதத்தில் வளர்வதில்லை. ரீமேப் செய்து (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி) சக்கரத்தில் 10 குதிரைத்திறன் கூடினால், இந்தக் கணக்கு அதை 12.5 ஆகக் காட்டும். கூடுதலாகத் தெரியும் 2.5 எஞ்சினிலிருந்து வந்ததன்று, வகுத்தலிலிருந்து வந்தது.

பூச்சைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், ஒப்பிடத்தக்க எண்கள் 101-உம் 96-உம். இந்த 5 சதவீத வேறுபாடு இயற்கையானதே. இனெர்ஷியா வகை சற்றுக் கூடுதலாகவும் சுமை வகை சற்றுக் குறைவாகவும் காட்டுவது பரவலாக அறியப்பட்டது. உருளையின் விட்டம், காரைக் கட்டும் பட்டையின் இறுக்கம், டயர் காற்று எல்லாம் இதில் சேரும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் நேரடியாக மாட்டும் வகையில் டயர் வழுக்கலே இல்லாததால் எண் மேலும் உயரலாம்.

தாளைக் கையில் வாங்கியதும் சரிபார்க்க எளிய வழி உண்டு: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024 ஆல் வகுத்தால் பிஎஸ், 7121 ஆல் வகுத்தால் ஹார்ஸ்பவர் வர வேண்டும். என் இரண்டு தாள்களும் இதில் தேறின. ஆனால் தேறியதாலேயே முறுக்குவிசை சரி என்று ஆகிவிடாது. உருளை திறனை அளக்க எஞ்சின் ஆர்பிஎம் தேவையில்லை. ஆர்பிஎம்மைத் தவறாகப் பதிந்திருந்தால் முறுக்குவிசை மட்டுமே கெடும்.

சில தாள்களில் எஸ்ஏஇக்குப் பதிலாக இருக்கும் எஸ்டிடி என்ற திருத்தம் எஸ்ஏஇயைவிட ஏறத்தாழ 4 சதவீதம் அதிகம் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: உயரமான ஊரில் ஈசியுவே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டி இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும், அதன்மேல் 1.12-ஐயும் பெருக்கினால், ஒரே இழப்பை இரண்டு முறை ஈடுகட்டியதாகிவிடும்.

ட்யூனிங்குக்காக நான் மறுபடி போவதானால் பெங்களூர் நிலையத்துக்கே போவேன். இயந்திரமும் குளிர்விப்பும் அங்குதான் சரியாக இருக்கின்றன. ஆனால் திருத்தமில்லாத சக்கர அளவையும் மூலக் கோப்பையும் தருவதாக முன்பே ஒப்புக்கொள்ளச் செய்த பிறகே காரை உருளையில் ஏற்றுவேன். வெறுமனே அளந்து பார்க்க மட்டும் என்றால் கோயம்புத்தூர் போதும்; கட்டணமும் குறைவு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கினால் அந்த விசிறியே சமாளித்துக்கொள்ளும்.