கேசட், சிடி, எல்பி, ஸ்ட்ரீமிங்: ஒரே ஆல்பத்தை எதில் கேட்பது?

முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிடிக்காது என்று ஒதுக்கி வைத்திருந்த ஆல்பம் ஒன்று, போன கோடையில் எனக்கு மிகவும் பிடித்த ஆல்பமாகிவிட்டது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக் (Bach) என்ற ஜெர்மன் இசைமேதைக்கும் அவர் செலுத்திய காணிக்கை. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத வாத்திய இசை, நடுநாயகமாக வி. எஸ். நரசிம்மனின் வயலின். ராஜா ரசிகன் என்று சொல்லிக்கொண்டு இது பிடிக்கவில்லை என்றால் டீக்கடை பெஞ்சில்கூட உட்கார விடமாட்டார்கள். அதனால் நான் வெளியே சொன்னதில்லை.

தப்பு இசையில் இல்லை, அண்ணனுடைய கேசட்டில் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. கையில் சிக்கிய வழிகளிலெல்லாம் அதையே போட்டுக் கேட்டேன். இந்த ஆல்பத்தில் 'டோண்ட் கம்பேர்' என்று ஒரு டிராக் இருக்கிறது. ராஜா மன்னிக்கட்டும், அதையும் சேர்த்தே ஒப்பிட்டேன்.

முதலில் கேசட். எண்பதுகளின் கடைசியில் வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அண்ணன் பதிந்து வாங்கியது. அவர்களிடம் இருந்ததே ஒரு காப்பி, அண்ணனுக்குக் கிடைத்தது காப்பியின் காப்பி. இடம் போதவில்லை என்று இரண்டு டிராக்கை விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் முழுக்க சினிமாப் பாட்டு. அந்தப் பக்கத்தைத்தான் நான் தேயத் தேயக் கேட்டேன். 'ஹவ் டு நேம் இட்' பக்கத்தைத் திருப்பினால், நாலு வயலின் ஒரே சமயத்தில் சண்டை போடுவதுபோல இருக்கும். உடனே மாற்றிவிடுவேன்.

ஒரே நாடா, ஒரே டேப் ரெக்கார்டர். ஒரு பக்கம் இனித்தது, ஒரு பக்கம் ஏன் இரைச்சலாக இருந்தது? இந்த ஒப்பீட்டில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் இதற்கான பதில்தான்.

சினிமாப் பாட்டில் குரல்தான் தலைவர். நம் காது எந்த அலைவரிசையில் கூர்மையாக இருக்கிறதோ, குரலின் சொற்கள் துலங்குவதும் பெரும்பாலும் அதே பகுதியில்தான். பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸில் ஹாரனுக்கும் கண்டக்டர் விசிலுக்கும் நடுவே தகர ஸ்பீக்கரில் ஓடினாலும் பாட்டு புரிந்துவிடும். மெட்டும் வரியும் வந்து சேர்ந்தால் மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்ளும். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் கேட்ட பாட்டுகள் நமக்குப் பிடித்துப்போனது அப்படித்தான்.

இந்த ஆல்பத்தில் அந்தச் சலுகை கிடையாது. இதில் வரும் ஃப்யூக் என்ற மேற்கத்திய வடிவத்தில், ஒரு கருவை ஒரு வாத்தியம் சொல்லி முடித்ததும் இன்னொன்று அதே கருவை வேறு சுருதியில் எடுத்துக்கொள்ளும், முதலாவதும் ஓயாமல் கூடவே ஓடும். பிறகு மூன்றாவது வரும். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, எல்லோருமே முன்வரிசை. மூன்று பேரும் தனித்தனியாகக் காதில் விழுந்தால்தான் அது உரையாடல். கலந்துபோனால் கூச்சல். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. காப்பி எடுக்க எடுக்க 'உஸ்' கூடுகிறது. நாடாவைப் படிக்கும் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால் மேல்சத்தம் மங்கிவிடும். அப்போது இரண்டு வயலினைப் பிரித்துக்காட்டும் அந்த வில்லின் உரசல்தான் முதலில் காணாமல் போகிறது. அண்ணனின் கேசட்டில் நான் கேட்டது ராஜாவின் இசை இல்லை, எல்லா வாத்தியமும் கலந்துபோன கூட்டுத்தொகை.

நல்ல கம்பெனிக் கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் இவ்வளவு மோசமாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் டெக் ஏது?

அடுத்தது எம்பி3. 2000க்குப் பிறகு பிரௌசிங் சென்டரில் ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு எழுதித் தருவார்களே, அந்தக் காலத்து, நொடிக்கு 128 கிலோபிட் கோப்பு ஒன்று பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். இதில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு மிச்சத்தை எறிந்துவிடுகிறார்கள். கணக்கு கெட்டிக்காரக் கணக்குதான். தனி வயலினில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. தந்திகள் கூட்டமாகச் சேரும் இடத்தில் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல ஒரு நெளிவு. கேசட்டின் 'உஸ்'ஸையாவது மழை என்று நினைத்துக்கொள்ளலாம், இந்த நெளிவு எரிச்சல். 320 கிலோபிட்டுக்குப் போனால் இந்தக் குறையெல்லாம் அடங்கிவிடுகிறது. அதற்குமேல் எம்பி3யைத் திட்டினால் அது ஜம்பம்.

அப்புறம் சிடி. உறவினர் ஒருவர் வீடு மாற்றும்போது தூக்கிப்போட வைத்திருந்த பெட்டியில் இது இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பழைய லேப்டாப்பில் போட்டு ஃபிளாக் கோப்பாக மாற்றிக்கொண்டேன். ஃபிளாக் என்பது துணியை மடித்துவைப்பது மாதிரி. இடம் பாதிக்குப் பக்கமாகக் குறையும், விரித்தால் ஒரு நூல்கூட விடாமல் அப்படியே இருக்கும். எம்பி3 என்றால் துணியை வெட்டித் தைத்த மாதிரி.

கேட்டது மே மாதம், சத்துவாச்சாரி மாடியறையில், விடிகாலை நாலு மணிக்கு. அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. பகலில் பெங்களூர் ரோட்டு லாரிச் சத்தம் ஓயாது. ராத்திரி முழுக்க மின்விசிறி ஓடியாக வேண்டும். வேலூர் வெயிலில் காய்ந்த மாடியின் சூடு நாலு மணிக்குத்தான் கொஞ்சம் இறங்கும். ஒரு பத்து நிமிஷம் விசிறியை நிறுத்தினேன். கையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஒயர் இயர்போன்.

இரண்டாவது டிராக்கில், மேலே வயலின் போய்க்கொண்டிருக்கும்போது கீழே யாரோ பதில் சொல்வது கேட்டது. அண்ணனின் கேசட்டில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூடச் சொல்ல முடிந்தது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு டிராக். பாக் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த டிராக்கின் பெயரே, இருவரும் பேசிக்கொண்டோம் என்கிறது. அந்தப் பேச்சில் யார் எப்போது வாயைத் திறக்கிறார்கள் என்று ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. பத்து நிமிஷம் என்று நிறுத்திய விசிறியைப் போட மறந்து, பனியன் நனைய முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்தேன்.

சரி, சிடியே இப்படி என்றால் அதற்கு மேலே? அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். "மாமா, இதெல்லாம் பழசு. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கேட்டுப் பாருங்க, அப்புறம் சிடியைத் தொட மாட்டீங்க" என்றான். இந்த ஆல்பம் அப்படி எங்களிடம் இல்லை. அவன் வைத்திருந்த வேறொரு வயலின் பதிவில் சோதித்தோம். அதையே சிடி தரத்துக்கு இறக்கி, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கிக்கொண்டோம். இதைச் செய்யாவிட்டால் சோதனையே வீண், சற்றே சத்தமாக இருப்பதைக் காது நல்லதென்று நம்பிவிடும். பையன் எதை ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியாது. பத்து முறையில் ஆறு சரி. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் இதே கதைதான். அப்புறம் அவனை உட்காரவைத்தேன். ஐந்து.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிடியைப்போல 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி முழுசாகக் கிடைத்துவிடும். நல்ல இளங்காதின் எல்லையே 20 தான், என் வயதுக்கு அதிலும் கணிசமாகக் குறைந்திருக்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சிடியின் 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளியை விசிறி ஓடும் வீட்டில் என்ன செய்வது? 2007இல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதே மாதிரி நூற்றுக்கணக்கான முறை சோதித்து, கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் பதியும்போது 24 பிட் அவசியம்தான். யார் எப்போது சத்தமாக வாசிப்பார்கள் என்று தெரியாது, பிறகு கலக்கும்போதும் இடம் வேண்டும். வீட்டுக்கு வரும் சாப்பாட்டுக்கு அடுக்களை அளவுக்குத் தட்டு தேவையில்லை. அதிலும் அனலாக் நாடாவில் பதிந்த பழைய இசை என்றால், கூடுதல் பிட்டுகள் அந்த நாடாவின் 'உஸ்'ஸைத்தான் இன்னும் துல்லியமாகக் காட்டும்.

இந்த எண்களைவிட மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை, முக்கியம். பழைய பதிவைப் புதுசாக்குகிறோம் என்று சத்தத்தை ஏற்றி, ஏற்ற இறக்கத்தை மட்டமாக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட 24 பிட் பதிவைவிடப் பழைய சிடி எவ்வளவோ மேல். நான் பார்த்தவரை, ஹை-ரெஸ் என்கிற இந்த 24 பிட் வகைப் பதிவுகளைக் கேட்டுவிட்டு அடடா என்கிறவர்களில் பாதிப்பேர் வேறு மாஸ்டரைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

எல்பி எனும் பெரிய இசைத்தட்டைப் பற்றி நியாயமாக எழுத என்னால் முடியாது, இந்த ஆல்பத்தின் தட்டு எனக்குக் கிடைக்கவில்லை. காட்பாடி காந்திநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டர்ன்டேபிள் வைத்திருக்கிறார். அவரிடம் இருந்த நாதஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டார். முள் இறங்கும் அந்தச் சின்ன 'டொக்', பிறகு ஒரு நிறைவான சத்தம். அழகுதான். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல், எழுந்து திருப்பிப் போட வேண்டும் என்பதாலேயே ஒழுங்காக உட்கார்ந்து கேட்கிறோம். ஆனால் தட்டின் மையத்தை நெருங்க நெருங்கப் பள்ளத்தின் வேகம் குறைந்து ஒலி கரகரக்கிறது. சீவாளியின் கூர்மையில் அது நன்றாகவே தெரிந்தது.

"சார், வேலூருக்கு இது ஆகுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். ஒரு ஏப்ரல் மதியம் கோட்டைக்கு வெளியே நிறுத்திய காரில் மறந்து விட்டுவிட்டாராம். பொரித்த அப்பளம். "ஆகும் தம்பி, பீரோவைவிட்டு வெளிய எடுக்காம இருந்தா" என்றார். புதுத் தட்டு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விற்கிறது. ஆசைக்கு வாங்கலாம். காதுக்காக என்று வீட்டில் பொய் சொல்லி வாங்க வேண்டாம்.

கடைசியாக ஸ்ட்ரீமிங், நடைமுறையில் சிடிக்கு உண்மையான போட்டி இதுதான். லாஸ்லெஸ், அதாவது எதையும் எறியாத ஒலி, தரும் ஆப்பில் ஒழுங்காக அமைத்துக் கேட்டபோது சிடியிலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை. ஒழுங்காக அமைத்து என்பதில்தான் சிக்கல். பல ஆப்புகள் மொபைல் டேட்டாவில் தாமாகவே தரத்தைக் குறைத்துக்கொள்கின்றன, செட்டிங்ஸுக்குள் போய் மாற்ற வேண்டும். மாற்றினால் முக்கால் மணி நேர ஆல்பத்துக்கு ஏறத்தாழ 250 எம்பி போய்விடும். வைஃபை இல்லாத மாடியறைக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். இவ்வளவும் செய்துவிட்டுப் புளூடூத் இயர்பட்ஸைக் காதில் மாட்டினால், போன் அதை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. பாலைக் காய்ச்சிச் சுண்டவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இயர்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் சில நூறு ரூபாய்க்கு டைப் சி மாற்றி கிடைக்கிறது, ஒயரைச் செருகுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் புளூடூத்தே போதும், அங்கே எதைக் கேட்டாலும் ஒன்றுதான்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புதுசாக ஆரம்பிப்பவர் முதல் ஆயிரத்தை இயர்போனில் போடட்டும். ஓசியில் கிடைக்கும் பழைய சிடிகளை எடைக்குப் போடவிடாமல் தடுத்தால் அடுத்த செலவு மிச்சம். டிரைவ் உள்ள பழைய லேப்டாப் எந்த வீட்டுப் பரணிலும் இருக்கும். ஹை-ரெஸ்ஸுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சந்தாவோடு சும்மா வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என்னைக் கேட்டால் சிடிதான், அதற்குப் பின்னால் ஒயரோடு கேட்கும் லாஸ்லெஸ். கேசட் கடைசி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அண்ணன் ஆரணியிலிருந்து வந்திருந்தார். மாடியறையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இயர்போனை மாட்டி, அந்த இரண்டாவது டிராக்கைப் போட்டேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கண்ணைத் திறந்து ஒரு காதை மட்டும் கழற்றினார்.

"இன்னாடா இது? இந்த எடத்துல கர்ருன்னு ஒண்ணு வருமே, காணமே?"

நாடா கசங்கிய இடம் அது. முழுசும் கேட்டு முடித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். போகும்போது கேசட்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆரணி வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.